ஓரகத்தியும் அந்த நாவலின் கைகளும்

அன்பு மகன் லூபெனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் என் சொல் கேட்கிறது, உன் உடம்பும் உன் சொல் கேட்கட்டும். வெள்ளாடு இரட்டைக்குட்டி போட்டது. நான் பின்னி அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொள், ஜெர்மனியில் குளிர்வது உனக்கு, அலமாரிக்கு இல்லை.

உன் ராட்கா சித்தி வீட்டை விற்றுவிட்டாள், ஈஸ்டர் முடிந்ததும் மகனோடு இருக்க ப்ளோவ்திவ் நகரத்துக்கே போகிறாள். ஈஸ்டர் நோன்புக்கு முந்தின மன்னிப்பு ஞாயிறன்று சிறியவர் பெரியவர் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், எங்களில் யார் பெரியவள் என்பதுதான் இன்றுவரை தீரவில்லை. நான் மூத்தவன் பெண்டாட்டி, அவளோ வயதில் மூத்தவள். அவள் கல்யாணமாகி வந்த முதல் வருஷமே மாமியார் முன்னால் முத்தமிடச் சொல்லி என்னிடம் கையை நீட்டினாள், பழுப்புத் தலைத்துணி, ஓரத்தில் எண்ணெய்க்கறை, எதையும் நான் மறக்கவில்லை. நானும் நீட்டினேன். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இந்த வருஷ ஞாயிறும் அப்படியே போனால் ஒருத்தி சாவுக்கு மற்றவள் வரமாட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான் இருந்தது.

இந்தக் குளிர்காலம் வாசகசாலையில் யானா டீச்சர் ஒரு பழைய நாவலை உரக்கப் படித்தாள், நீ பள்ளியில் படித்ததுதான், மகன் முத்தமிட வரும்போதெல்லாம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் கிழவி கதை. அது வெறும் கை இல்லையாம், மன்னிக்காத மனசின் அடையாளமாம். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. ராட்கா, “எழுதினவன் நம்ம ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கான்” என்றாள். விடுவேனா, “ஏம்மா டீச்சர், கிழவி கையில மாவு இருந்திருக்கும், பிள்ளை வாயில ஒட்டக்கூடாதுன்னு மறைச்சிருப்பா” என்றேன். “அவ மாவே பிசையல, பன்றிக்குத் தவிடு கலக்கிட்டிருந்தா, தூங்காம கேளு” என்றாள் ராட்கா. “தவிடுன்னா மட்டும் வாயில வைக்கலாமா?” என்றேன். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டாள்.

மன்னிப்பு ஞாயிறன்று வழக்கப்படி வாசகசாலை உத்தரத்திலிருந்து சிவப்பு நூலில் கெட்டி அல்வாவைத் தொங்கவிட்டு ஆட்டினார்கள், கையைப் பின்னால் கட்டி வாயால் கவ்வ வேண்டும். பிள்ளைகள் எங்கள் இருவரையும் எதிரெதிரே தள்ளிவிட்டார்கள். முதலில் நெற்றி மோதியது, பிறகு நான்தான் கவ்வினேன், சாட்சி உண்டு. ஆனால் அல்வாவோடு என் பல் செட்டும் போய் நூலில் ஆடியது. ஊர் சிரித்தது. ராட்காதான் அதைப் பிடுங்கி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையாலும் மூடி, “கடவுள் மன்னிக்கட்டும், ஸ்டான்கா, பல்லை மாட்டு” என்றாள். நான் பல்லில்லாமலே “உன்னையும்” என்றேன். யாருக்கும் புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது, கையை விடவில்லை. என் கையில் அவள் உதடு மட்டும் படவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தேவமாதா உன்னையும் மருமகளையும் காக்கட்டும். சித்தி கிளம்புமுன் அவளுக்கு ஒரு போன் போடு, ஆனால் முதலில் எனக்கு. அவளுக்கு மூட்டை கட்ட நான் போகிறேன், அவளுக்குப் பாத்திரம் அடுக்கவே தெரியாது.

உன் அம்மா
ஸ்டான்கா