இருபது வரைக்கும்

ஜூன் 4, வியாழன்

இன்று மானம் போனது. லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டே, "அன், தே, த்ருவா, கத்ர்" என்று ராகம் போட்டிருக்கிறேன். ஒன்பதாவது மாடிக் கதவுக்கு வெளியே ஓர் அம்மா நின்றது எனக்கெப்படித் தெரியும்?

"உள்ள யாரோ மாட்டிக்கிட்டு மொனகுறாங்க, பாவம்!"

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து, "அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" என்றான்.

எட்டாம் வகுப்பில் நின்றுபோன நான் ஃபிரெஞ்சு படிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்ல? தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

எல்லாம் பேத்திக்காக. ஐந்து வயது. வெளிநாட்டிலேயே பிறந்தவள், அடுத்த மாதம்தான் முதல்முறையாக வருகிறாள். "அவளுக்குத் தமிழ் வராதுப்பா, ஃபிரெஞ்சுதான். ரெண்டு மொழின்னா கொழம்பிடுவா. கண்ணாமூச்சின்னா உசிரு. செவத்துல மூஞ்சிய வெச்சு இருபது வரைக்கும் எண்ணுனீங்கன்னா போதும், ஒட்டிக்குவா" என்று மகள் சொன்னாள். பேத்தியே எண்ணுவதைப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கிறாள்.

மகளுக்கு நாங்கள் தமிழும் பள்ளிக்கூடம் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தபோது அவள் ஒன்றும் குழம்பியதாக ஞாபகம் இல்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 11

ஃபிரெஞ்சு எண்களுக்குப் பதினாறு வரைக்கும் தனித்தனிப் பேர் வைத்தவன், பதினேழில் அலுத்துப்போய் 'பத்து-ஏழு' என்று விட்டுவிட்டான். காண்டிராக்ட் வேலை போலிருக்கிறது. பதினாறுதான் என் எமன். 'சேஸ்' என்று சொல்லப்போனால் தும்மல் மாதிரி வருகிறது.

"லிஃப்ட்காரரு பத்தைத் தாண்டுனா கீழ எறங்கிடுறாரு" என்கிறாள் மனைவி. அவளும் அடுப்படியில் 'அன், தே' என்று முணுமுணுக்கிறாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஜூன் 19

எழுபதுக்கு அங்கே பேரே கிடையாதாம். அறுபது-பத்து. அந்த வயசு வரை உயிரோடு கிடந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 2

மகள் ஃபோன். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சேர்ந்து லீவுக்கு அங்கேயே கடற்கரையில் வீடு எடுத்திருக்கிறார்களாம். "தப்பிக்க முடியலப்பா. உங்ககிட்ட மூணு நாள்."

பதினைந்து நாள் என்றுதானே பேச்சு?

மூன்று. த்ருவா. அதுவரை படித்திருந்தாலே போதுமாயிருந்தது.

ஜூலை 14

வந்துவிட்டார்கள். குட்டி அம்மாவின் பின்னாலேயே ஒளிந்துகொண்டாள். நான் சுவரில் முகம் வைத்து எண்ண ஆரம்பித்தேன். பதினாறில் தும்மினேன். சிரித்தாளே ஒரு சிரிப்பு! திரும்பினால் கட்டிலுக்கு அடியில் இரண்டு பாதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்கத் தேடினேன், பீரோவுக்குள்கூட. அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மாத கிரீஸ் தகும்.

அப்புறம் மகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, அந்தப் பதினாறை இன்னொரு தடவ சொல்லுங்க. மாமியார் வீட்டுக்கு அனுப்பணும்."

சொன்னேன். அங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இன்னொன்று, இன்னொன்று என்று நாலு தடவை. எனக்கும் சிரிப்பு வந்தது. நாலாவது தடவை வரவில்லை.

ஜூலை 15

இன்று பதினாறு சுத்தமாக வந்தது. மகள் முகம் விழுந்துவிட்டது. "போங்கப்பா. பழைய மாதிரியே சொல்லுங்க, அதான் நல்லாருக்கு."

ஜூலை 16

வாசலில் டாக்ஸி. பெட்டிகள் ஏறிவிட்டன. அந்த நேரம் பார்த்துக் குட்டி என் விரலைப் பிடித்துச் சுவருக்கு இழுத்துப்போனாள்.

"ஐயோ, இப்ப வேணாம்பா, நேரமாச்சு" என்றாள் மகள். சொல்லிக்கொண்டே ஃபோனையும் எடுத்தாள்.

எண்ணினேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. சின்னக் காலடி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றது. பதினாறு வந்தது. பத்து-ஏழு. பத்து-எட்டு. பத்து-ஒன்பது.

அதோடு நின்றேன்.

"அம்மா, இங்க பாரேன், அப்பாவுக்கு இருபது மறந்துபோச்சு!" மகள் சிரிக்கிறாள். மனைவி சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குட்டி எனக்காக ரகசியமாக எடுத்துக் கொடுக்கிறாள் - "வேங்! வேங்!"

சொன்னால் தேடிப்போக வேண்டும். தேடினால் கிடைத்துவிடுவாள்.

டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். மகள்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் சுவரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

மறக்கவில்லை. இருபதுக்கு வேங்.