தண்ணீர்ப் பானைக்குக் கீழே முளைத்த வெள்ளைக் கரட்

என் அன்பு ஐயாவுக்கு,

வேலணையில் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. பதில் போட உங்களுக்கு வசதியில்லை என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும். வெளியூரில் கடை வைத்திருந்த காலத்திலேயே நீங்கள் இரண்டு வரிக்கு மேல் எழுதினவர் இல்லையே.

பசு கன்று போட்டிருக்கிறது, நாகு, பெண் கன்று. வேலிப் படலை மறுபடியும் சரிந்துவிட்டது, நீங்கள் இல்லாததால் அதைத் திட்டவும் ஆளில்லை. போன கிழமை, வருசம் திரும்பி, உங்கள் முதலாவது ஆட்டைத்திவசம் குறையில்லாமல் நடந்தது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கடைசி மாதங்களில் நீங்கள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலைநாட்டில், கடைக்குப் பின்னால் இருந்த சின்னக் குசினியில் நீங்களே ஆக்கிச் சாப்பிட்ட அந்த வெள்ளைக் கரட். ஊருக்கு வரும்போதெல்லாம் பைக்குள் நாலைந்து கொண்டு வருவீர்கள். அம்மா மணந்து பார்த்துவிட்டு, "சவுக்காரக் கிழங்கு" என்று பெயர் வைத்து மாட்டுக்குப் போட்டுவிடுவார். மாடு மட்டும் உங்கள் பக்கம் நின்றது.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த பிறகு அந்தக் கடையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. கிழங்கைப் பற்றி மட்டும் பேசினீர்கள். பாயில் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "பிள்ளை, அந்த வெள்ளைக் கரட் பால்கறி ஒரு வாய் கிடைச்சா நல்லாயிருக்கும்" என்றீர்கள். "ஓம் ஐயா, எப்பிடியும் எடுப்பிப்பம்" என்றேன். எடுப்பிக்க முன்னமே நீங்கள் போய்விட்டீர்கள். எட்டாம் நாள் எட்டுச்செலவில் உங்களுக்குப் பிடித்த எல்லாம் இலையில் இருந்தன, அது மட்டும் இல்லை. ஆட்டைத்திவசத்திலாவது அதைப் படைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மலைநாட்டிலிருந்து எடுப்பிக்க ஆள் கிடைக்காததால், இங்கிலாந்திலிருந்து தம்பி விதை அனுப்பினான். பைக்கற்றில் 'பார்ஸ்னிப்' என்று போட்டிருந்தது, வெள்ளைக் கரட்டுக்கு அங்கே அதுதான் பெயராம். தம்பியின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அதை நேரே மண்ணில் போடமாட்டாராம். வீட்டுக்குள் ஈரத் துணியில் முளைக்க வைத்து, வேர் நீளமுன் எடுத்து நடுவாராம். தம்பி இவ்வளவும் விளக்கமாக எழுதியிருந்தான். அம்மா விதையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது விதையோ, மீன் செதிலோ? ஊதினாப் பறக்குது."

மாமிக்கு இது காதில் விழுந்ததும் வேலி கடந்து வந்துவிட்டார். உங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியாதா? "திவசத்துக்கு ஊர் மரக்கறிதான் படைக்கிறது. என்ரை தம்பியின்ரை இலையிலை உந்த வெள்ளைக்காரக் கிழங்கு வைக்க நான் விடன்" என்றார். "முதல்லை முளைக்கட்டும் மாமி, பிறகு சண்டை பிடிப்பம்" என்றேன். மாமி தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பாதி விதையை ஈரத் துணியில் முடிந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பாகல் விதையை நாங்கள் அப்படித்தானே முளைக்க வைக்கிறோம்? இளஞ்சூட்டில் இருந்தால் நாலைந்து நாளில் வாய் திறந்துவிடும். நானும் விடிந்தால் பொழுதுபட்டால் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. பிறகு புளித்த மணம் வந்தது. அவிழ்த்தால் எல்லாம் பூஞ்சணம்.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது ஐயா, பொய் சொல்லவில்லை. மிச்சமிருந்தது ஒரு பிடிகூட இல்லை. அதைவிட்டால் திவசத்துக்கு முன் கிழங்கு எடுக்க வேறு வழியில்லை. புதுத் துணியில் முடிந்து, வேறு இடம் தெரியாமல் மறுபடியும் அடுப்படியிலேயே வைத்தேன்.

அடுத்த நாள் பார்க்கிறேன், முடிச்சைக் காணவில்லை. எலி கொண்டுபோய்விட்டது என்று வீடெல்லாம் தேடினேன். கடைசியில் அறை மூலையில், தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மணலுக்குள் அதன் தலைப்புத் தெரிந்தது. சாட்டிக் கிணற்றிலிருந்து சைக்கிளில் கொண்டு வருகிற நல்ல தண்ணீர் அந்தப் பானையில்தான் இருக்கும். பானை வேர்த்து வேர்த்து, கீழே மணல் எந்த நேரமும் ஈரமாகக் குளிர்ந்து கிடக்கும்.

"அம்மா, இதை ஆர் இஞ்சை வைச்சது?"

"நான்தான். கலியாணம் கட்டின புதிசிலை கொப்பற்ரை கடைக்குப் போய் மூண்டு நாள் நிண்டனான். ரெண்டு போர்வைக்குள்ளையும் நடுங்கினனான். அந்தக் குளிரிலை முளைக்கிற சாமான் அடுப்படியிலை முளைக்குமே?"

இவ்வளவையும் சொல்லிவிட்டு அம்மா உலைக்கு அரிசி களையப் போய்விட்டார். கிழங்கைக் குசினிக்குள் விடாத அதே அம்மாதான்.

மூன்றாம் கிழமை முளைத்தது ஐயா! நூல் நுனி அளவில் வெள்ளையாக ஒரு வேர், விதைக்கு ஒன்று. எல்லாம் முளைக்கவில்லை, முளைத்தது போதும். கிணற்றடிக்குப் பக்கத்தில் கல் பொறுக்கி, முழங்கை ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, ஆட்டெரு கலந்து வைத்திருந்தேன். ஈர்க்கு நுனியால் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நட்டேன். அம்மா பின்னாலேயே வந்து வடலிப் பனை ஓலையால் வெயிலுக்கு மறைப்புக் கட்டினார்.

மழையில் சில அழுகின, ஒன்றிரண்டை மாமியின் ஆடு தின்றது. மாமி ஆட்டைத் திட்டினார், அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். மிச்சம் கொத்தமல்லி மாதிரி இலை விட்டு நின்றன.

திவசத்தன்று காலை கிண்டினோம். மலைநாட்டுக் கிழங்கின் பருமனை எதிர்பார்க்காதீர்கள். என் சுண்டுவிரல் அளவு, சிலது இரண்டாகக் கிளைத்தும் இருந்தது. ஆனால் மணம் அதே மணம். கழுவியதும் அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"விடு, நான் ஆக்கிறன்."

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"கொஞ்சமாத் தண்ணி விட்டு அவிச்சு, பச்சைமிளகாய் கீறிப் போட்டு, தேங்காய் முதற்பாலைக் கடைசியாத்தான் விடவேணும். அந்த மனுசன் சொல்லிச் சொல்லி என்ரை காது புளிச்சுப் போச்சு."

நீங்கள் சொன்னதை அவர் கேட்கவேயில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம், இல்லையா?

மாமி வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். அம்மா நிமிராமலே சொன்னார்: "மச்சாள், அவர் விரும்பினதைத்தான் வைக்கிறன். விரதம் நோன்பு நீங்கள் சொல்லுங்கோ, கேக்கிறன். இது எனக்கும் அவருக்கும் உள்ளது." மாமி போய், நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் அந்த இலையில் நடுவாக அம்மா தன் கையால் கறியை வைத்தார்.

எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் அம்மா சாப்பிட உட்கார்ந்தார். சட்டியில் ஒட்டியிருந்த கறியை வழித்துப் போட்டு, ஒரு துண்டை வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார்.

"இனிக்குதடி பிள்ளை."

"ஐயாவும் அப்பிடித்தானே சொல்லுறவர்."

"ஓம். ஒருக்காவாவது ஆக்கிக் குடுத்திருக்கலாம்." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். பிறகு திடீரென்று சிரித்தார். "குடுத்திருந்தா அடுத்த முறை ஒரு சாக்குக் கட்டியெல்லே கொண்டந்திருப்பார்!"

தம்பிக்கு எழுதிவிட்டேன், புது விதை அனுப்பச் சொல்லி. ஒவ்வொரு ஐப்பசியும் முளைக்க வைப்பேன், ஒவ்வொரு மாசியும் உங்கள் இலைக்கு அது வரும். ஆக்குவது அம்மாதான், அந்தச் சட்டியை இனி வேறு யாரையும் தொட விடமாட்டாராம்.

உங்கள் மூத்த மகள்,
பவளம்