கை படாத சதுரம்

3ஆம் தேதி, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றவை நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது. பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன, தனித்தாளில் குறித்திருக்கிறேன். வெட்டாமல் விட்டாலே போதும், காட்டு மரங்கள் மெல்ல மேலேறித் தம் நிழலால் உண்ணிச்செடியை அடக்கிவிடும் என்று நீ எழுதியிருக்கிறாய். நல்ல தெளிவான நடை.

உன் கட்டுரைக்கு நீ எடுத்துக்கொண்ட என் பழைய காட்டுப் பதிவேட்டுக்காகக் கேட்ட உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்புகிறேன். ஏழாம் சதுரம் பதினோரு ஆண்டுகளும் மனிதக் கை படாமல் விடப்பட்டது என்று அதில் இருக்கிறது. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். வயது.

முதல் பக்கத்தில் ‘அம்மாவுக்கு’ என்று போட்டிருக்கிறாய். அவள் இருந்திருந்தால், “எனக்கு எதுக்குடி இதெல்லாம்” என்று சொல்லிவிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் தெரு முழுக்கக் காட்டியிருப்பாள்.

சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. நாளை ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வேறு செய்தி இல்லை.

ஆசிகளுடன்,
அப்பா


12ஆம் தேதி

அன்பு மகளுக்கு,

முந்தைய கடிதத்தோடு வந்த கையெழுத்தைப் பயன்படுத்தாதே. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால், எழுதாமலே உறையை ஒட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். “ஒரு கையெழுத்துதானே அப்பா, ஏன் இப்படி இழுக்கறீங்க?” என்று நீ கேட்ட அன்றே சொல்லியிருக்கலாம். ஃபோனில் எனக்கு வாயில் வருவது ‘சரிம்மா’ ஒன்றுதான்.

உனக்குத் தெரிந்ததையும் வரிசையாக எழுதினால்தான் தெரியாத இடத்துக்கு வந்து சேர முடியும். பொறுத்துக்கொள்.

உண்ணி, வேலிக்கும் பூவுக்கும் என்று யாரோ கடல் கடந்து கொண்டுவந்த செடி. குருவிகள் பழத்தைத் தின்று காடு முழுக்க விதைத்தன. ஒரு மரம் விழுந்து மேலே வெளிச்சம் திறந்தால் போதும், கருங்காலிக் கன்று ஒரு விரற்கடை வளர்வதற்குள் இது ஆளுயரம் வந்து நிற்கும். அதன் அடியில் இருட்டு. அந்த இருட்டில் வேறு விதை முளைக்காது, முளைத்தாலும் நிற்காது. கோடையில் காய்ந்து தீப்பிடித்தால் இது தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கருங்காலி எரிந்தால் எரிந்ததுதான்.

அதை வெட்ட வேண்டுமா, விட்டாலே காடு சமாளிக்குமா என்று பார்க்கத்தான் எங்கள் காட்டு ஆராய்ச்சி நிலையம் சதுரங்களை அமைத்தது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், நான்கு மூலையிலும் இரும்புக் கம்பி. சிலவற்றில் உண்ணியை வெட்டினோம். மூன்றை ‘கை படாத சதுரம்’ என்று எழுதி அப்படியே விட்டோம். அந்த மூன்றில் ஒன்றின் மேல் மரம் விழுந்தது. இன்னொன்றைத் தீ கொண்டுபோனது. மிஞ்சியது ஏழாம் சதுரம் மட்டும்.

எண்களைக் குறித்துக்கொள்ள எனக்கு ஓர் உதவியாளர் இருந்தார். அளக்கத் தொடங்குவதற்கு முன்பே அவருடைய பதவியை எடுத்துவிட்டார்கள். நான் அளந்துகொண்டே எழுதினால் பிழை வரும் என்று பயந்தேன். அதனால் அம்மாவைக் கூட்டிப்போனேன். மாதம் ஒரு நாள். நான் ஒவ்வொரு வரிசையாக எண்ணி முடித்துக் கூப்பிடும்போது வந்து எழுதுவாள். முதல் நாளே எச்சரித்தேன்: “வில்லை கட்டினதுல கை படக்கூடாது.” எண் பொறித்த தகர வில்லைகளைக் காட்டுமரக் கன்றுகளில் கட்டியிருந்தோம். ‘சதுரத்தில் கை படக்கூடாது’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காற்புள்ளிக்கு அலைகிற ஆள் நான், அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு காலை, பாறைக்குப் பின்னால் உண்ணிச்செடிகள் வேரோடு குவிந்து வாடிக் கிடப்பதைப் பார்த்தேன். கேட்டேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க ஒவ்வொரு செடிக்கும் ஜாதகம் எழுதற மாதிரி நின்னுட்டு இருக்கீங்க. நான் எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருக்கறது? வில்லை கட்டினதைத் தொடல, பயப்படாதீங்க.” எப்போதிலிருந்து என்று கேட்டேன். வந்த நாளிலிருந்தே என்றாள்.

நான் எப்போதும் வடகிழக்கு மூலையில் எண்ணத் தொடங்குவேன். அவள் தென்மேற்கில், பாறை ஓரத்தில் பிடுங்கத் தொடங்குவாள். நான் அங்கே போய்ச் சேரும்போது எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டு ஆண்டுகளாக அதை மண்ணின் தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தவன்!

அன்றே பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். குறிப்பு என்று அதற்கே ஒரு கட்டம் உண்டு. எழுதினால் ஏழாம் சதுரமும் போய்விடும், இரண்டு ஆண்டு வேலை வீண், அனுமதி இல்லாத ஆளைக் கூட்டிவந்ததற்கு விளக்கம் கேட்பார்கள். இவை காரணங்கள். இன்னொன்றும் உண்டு. வீட்டில் பேசாததை எல்லாம் அம்மா அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் என்னிடம் பேசுவாள். பிடுங்காதே என்று சொல்லியிருந்தால், பிறகு எதற்கு நான் என்று வராமல் இருந்துவிடுவாள். கட்டத்தில் ‘எதுவுமில்லை’ என்று எழுதினேன். மாதா மாதம் அதையே எழுதினேன்.

ஐந்தாம் ஆண்டில் இயக்குநர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். ஏழாம் சதுரத்தில் அறுபத்தொரு கன்றில் ஐம்பத்தெட்டு உயிரோடு இருந்தன. “காடே நமக்குப் பதில் சொல்லிடுச்சு” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்காக யாரும் கைதட்டியது அந்த ஒரு முறைதான். அந்த மாதமே உண்ணி வெட்டுகிற வேலையைக் காடு முழுக்க நிறுத்தினார்கள்.

வெட்டுக்குழு மேஸ்திரியை உனக்கு நினைவிருக்கும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடை தாண்டுவாரே, அவர். அவர் நிலைய வாசலில் வந்து நின்றார். “ஐயா, மலை முழுக்க கொழுத்து நிக்குது. உங்க ஏழாம் நம்பர்ல மட்டும் அந்தச் செடிக்குக் காய்ச்சலா?” என்றார். மண் வேறு மாதிரி என்றேன். அவர் சிரித்தார். “மண்ணு வேற இல்லீங்க, வேற ஏதோ வேற” என்று சொல்லிவிட்டு அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். நாற்பது பேர் அவரோடு போனார்கள்.

இனி உன் கட்டுரைக்கு வருகிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் உன் வரைபடம் இருக்கிறது. ஒன்பது மாதங்களில் உண்ணிக் கன்றுகளின் எண்ணிக்கை திடீரென்று எகிறுகிறது. அதைப் பருவமாற்றம் என்று விளக்கியிருக்கிறாய். பழைய நாட்குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டேன். முதல் மாதம் உன்னைப் பள்ளியில் சேர்த்தபோது. விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அம்மா வகுப்பு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்தடுத்த இரண்டும் உனக்கு அம்மை போட்டிருந்தபோது. ஒன்று நீ கையை உடைத்துக்கொண்டது. நான்கு உன் பரீட்சைகள். கடைசி ஒன்று அவளுடைய காய்ச்சல். அம்மா காட்டுக்கு வராத மாதங்கள் இவை. அது பருவம் இல்லை, கண்ணு. எட்டு முறை அது நீ.

போன வெள்ளிக்கிழமை ஏழாம் சதுரத்தைப் பார்க்கப் போனேன். தனியாகப் போக முடியாது. மேஸ்திரியிடம்தான் கேட்டேன். அவருக்கும் வயதாகிவிட்டது. வர மாட்டார் என்று நினைத்தேன், அரிவாளோடு வந்தார். ஓடையிலிருந்து நூறு மீட்டர் போக மூன்று மணி நேரம் வெட்டினார். மேலே பூ, பூவில் வண்ணத்துப்பூச்சி. பார்ப்பவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். உள்ளே குனிந்தால் முள்ளும் சருகும்.

மூன்று மூலைக் கம்பிகள் கிடைத்தன. பத்தொன்பது வில்லைகளைச் சருகில் பொறுக்கினேன். கன்று ஒன்றுகூட இல்லை. அம்மா வருவதை நிறுத்தி இருபது ஆண்டு ஆகிறது, மகளே. அவள் கைதான் அந்தக் கன்றுகளுக்குக் காடாக இருந்தது.

பாறையைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. அதன் பின்னால், அவள் பிடுங்கிக் குவித்த இடத்தில்தான் உண்ணி எல்லாவற்றையும்விடப் பழையதாக, என் மணிக்கட்டுப் பருமனில் நிற்கிறது. பழத்தோடு போட்டிருக்கிறாள். அதையும் நான் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழியில் நீட்டியிருந்த ஒரு கிளையை வெட்டித் தள்ளினார். பிறகு, “அம்மா வெட்டினாங்க, நாங்களும் வெட்டினோம். வெட்டாம எழுதினது நீங்க ஒருத்தர்தான்” என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் கட்டுரையை நம்பி வேறு காடுகளிலும் வெட்டும் வேலையை நிறுத்தப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நிரந்தர வேலை கிடைப்பதும் இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். இரண்டையும் நினைத்துக்கொண்டுதான் முதலில் கையெழுத்துப் போட்டேன். உன் வேலைக்காகப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயத்தில் போட்டேன்.

இத்துடன் வேறொரு தாள் வைத்திருக்கிறேன். நூற்று முப்பத்திரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, குறிப்புக் கட்டத்தில் இந்த முறை உள்ளதை எழுதியிருக்கிறேன். அம்மா வந்தாள், அம்மா வரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது. நடுக்கம் இல்லை, பார்.

இதை உன் மேலதிகாரிகளிடம் கொடு. தவறு யாருடையது என்று கேட்டால் என் பெயரைச் சொல். முகவரியையும் கொடு. ஆனால் முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரை எடுத்துவிடாதே. கட்டுரையே இல்லாமல் போனாலும், அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எனக்கு அனுப்பு. சதுரத்திலேயே கை படக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு உடனே ஃபோன் செய்யாதே. நான் சரிம்மா, சரிம்மா என்பேன். திட்டுவதானால் எழுதித் திட்டு, பக்கம் பக்கமாகத் திட்டு. எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, அம்மா.

உன் அப்பா