கல்லில் இல்லாத பெயர்

அன்புள்ளவளே,

நேற்று சதுக்கத்தில் போர் நினைவுச்சின்னத்தைத் திறந்தார்கள். வெள்ளைச் சலவைக்கல், அதன்மேல் ரோமிலிருந்து வந்த, கொழுத்த தொடைகளோடு ஒரு வெண்கலச் சிப்பாய். "பட்டினி கெடந்து செத்த பயலுவளுக்கு இம்மாம் பெரிய தொடையா?" என்று ரொட்டிக்கடை எர்சிலியா உரக்கக் கேட்டாள். இரண்டு பிள்ளைகளை அந்தப் போரில் இழந்தவள் என்பதால் பாசிசக் கட்சியின் கருஞ்சட்டைக்காரர்கள் காதில் விழாததுபோல் நின்றார்கள்.

இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். எல்லோரும் என் மாணவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "இருக்கான்!" என்று குரல் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். "வாத்தியாரே, கல்லுல இருக்கிறத மட்டும் படிங்க. நம்ம படையே சுட்ட கோழைங்க பேரு வேண்டாம்" என்று நகரத் தலைவர் எச்சரித்திருந்தார். படைப்பிரிவுக்கே தண்டனையாகப் பத்துப் பேருக்கு ஒருவன் என்று சீட்டுப் போட்டுச் சுடப்பட்டவனைக் கோழை என்பதா என்று கேட்டு, தலையாட்டிய என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுவிட்டுத்தானே நீ உன் தங்கை வீட்டுக்குப் போனாய்.

கடைசிப் பெயரையும் வாசித்தேன். மேடையைவிட்டு இறங்கிவிடத்தான் நினைத்தேன், கால் நகரவில்லை. ஒலிந்தோ என்று நம் மகன் பெயரைச் சொன்னேன். கேட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்ததால் இன்னொரு முறை சொன்னேன்.

எர்சிலியாதான் முதலில் கத்தினாள்: "இருக்கான்!" அடுத்த கணம் சதுக்கமே கத்தியது. மணிக்கூண்டுப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?" என்றார் தலைவர், முகம் வெளுத்து.

"வகுப்புல எடுக்கிற மாதிரி வருகை எடுத்தேங்க" என்றேன். நானா சொன்னேன் என்று இன்னும் நம்ப முடியவில்லை.

நாளை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். போவேன். எர்சிலியாவும் மற்றத் தாய்மாரும் உளி சுத்தியலோடு கல்தச்சனையும் கூட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு வருகிறார்களாம். நம் பிள்ளையின் பெயரைக் கல்லில் வெட்டும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். காலை ரயிலிலேயே வந்துவிடு.

உன் பயந்தாங்கொள்ளி