சம்பந்திக்குப் போட்ட கோடி

இன்று காலை உங்கள் மகள் பெட்டியிலிருந்து என் கையில்லாத ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. மார்கழி வந்துவிட்டது, சைக்கிளை எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கூட வர நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அவளை என் மகனுக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் நம் பழக்கம் நல்லது கெட்டதோடு நின்றிருக்கும். எனக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னதால்தான் நெருங்கினோம்.

முதல் நாள் பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, தலையில் குரங்குக் குல்லா என்று வந்து நின்றேன். பனி பட்டால் எனக்கு மூச்சு இழுக்கும். பயத்தில் இருந்ததையெல்லாம் மாட்டியிருந்தேன்.

"என்ன சம்பந்தி, ஊட்டிக்கா போறீய? எட்டயபுரம் ரோட்டுக்குத்தானே வாரீய?"

"உங்களுக்கென்ன, இரும்பு நெஞ்சு. நான் படுத்தா யாரு பாக்குறது?" என்று கடுகடுத்தேன்.

ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் போவதற்குள் உள்ளே வேர்வையில் தொப்பலாகிவிட்டது. டீக்கடையில் இறங்கி நின்றதும் வாடைக்காற்று ஈரச் சட்டைக்குள் புகுந்தது. மறுநாளே காய்ச்சல். நீங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி பார்க்கச் சால்வையை எடுத்துக் கொடியில் போட்டீர்கள்.

"கிளம்பும்போது லேசாக் குளிரணும், சம்பந்தி. உங்களுக்கு எமன் குளிரு இல்ல, வேர்வை. மிதிக்கும்போது கழத்துங்க, நிக்கும்போது மாட்டுங்க."

அதன்பிறகு மெல்லிய பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காதுக்கு ஒரு துண்டு. அவ்வளவுதான். உடம்பு சூடேறியதும் ஸ்வெட்டர் கேரியருக்குப் போய்விடும். டீக்கடையில் காலை ஊன்றியதும் மறுபடி மாட்டவைப்பீர்கள். அந்த மார்கழியில் எனக்கு மூச்சு இழுக்கவே இல்லை. உங்களுக்கோ எந்தப் பனிக்கும் ஒரே சட்டைதான். மேலே துண்டு போட்டால்கூடப் புழுங்குகிறது என்பீர்கள்.

போன பங்குனியில் திடீரென்று நெஞ்சு நின்று போய்விட்டீர்கள். வெயில் கொளுத்தியது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோடி போட்டார்கள். புது வேட்டியும் துண்டுமாக உங்களைக் கழுத்துவரை மூடிவிட்டார்கள். சம்பந்தி முறைக்கு நானும் போட வேண்டும். கையில் வேட்டியோடு நின்றேன், போட மனம் வரவில்லை. போடாமல் திரும்பினால் புகுந்த வீட்டார் முறை செய்யவில்லை என்று பேசுவார்கள், தலைகுனிவு உங்கள் மகளுக்கு.

"போடுங்க அண்ணாச்சி, நேரமாவுது" என்றார் பின்னால் நின்றவர்.

தலைமாட்டில் இருந்த உங்கள் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, குவிந்திருந்த துணிகளையெல்லாம் சேர்த்து அள்ளி உங்கள் காலடியில் வைத்தாள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"உங்களது ஒண்ணு போதும் மாமா. ஒத்தையா விரிச்சுப் போடுங்க. அப்பாவுக்குப் புழுங்கும்."

விரித்துப் போட்டேன். அதுவரை அடக்கி வைத்திருந்தவன் அங்கேயே உடைந்து அழுதேன்.

உங்களைப் பற்றி நானும் அவளும் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. பேச்செடுத்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள், நான் வாசலுக்கு. இன்று தனியாகத்தான் போனேன். வேர்ப்பதற்கு முன்பே கழற்றினேன், நின்றதும் மாட்டினேன். சொல்ல ஆளில்லாமலே எல்லாம் சரியாகச் செய்தேன், சம்பந்தி. அதுதான் தாங்க முடியவில்லை.