பாதி அப்பம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று வழக்கம்போல ஆரம்பித்தேன், கிருபையால் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக விலாசம் எழுதுகிற மாதிரி அந்த வார்த்தையை எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன், இன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அது எப்போதும் உள்ளதுதான். மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நானும் பாதியில் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவேன், அதனால்தான் காகிதம்.

போன வாரம் நீ போனில், இந்தத் தடவையும் பரீட்சை போச்சும்மா, பாஸ் பண்ணாம வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று சொன்னாயே, அதை அப்பாவிடம் சொன்னேன். உன்னைத் திட்டுவார், லீவுக்கு ஒழுங்காகக் கிளம்பி வரச் சொல்லு என்பார் என்று எதிர்பார்த்தால், அவ சொல்றது சரிதான், கையை வீசிக்கிட்டு எப்படி வருவா என்கிறார். அவர் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை, தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டார்.

அச்சகத்தில் நடந்தது உனக்குத் தெரியும், அதற்கப்புறம் வீட்டில் நடப்பதைத்தான் படிக்கிற பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று விட்டிருந்தேன். காகிதம் வெட்டுகிற மெஷினை ரிப்பேர் பார்த்து முடித்த அப்பா, கையை எடுக்கச் சொல்லி எப்போதும் கொடுக்கிற 'கை' என்ற குரலைக் கொடுக்காமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டார், அந்த நேரம் பார்த்து பைண்டர் மாமா கத்திக்கு அடியில் சிக்கின துண்டை எடுத்துக்கொண்டிருந்தார், வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே, விடுப்பா, தெரியாம நடந்தது, நான் மனசுல வச்சுக்கலை என்று சொல்லிவிட்டார். அப்பாதான் விடவில்லை. வேலை முடிந்ததும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மாமா வீட்டுக்கு. முதலில் தண்ணீர் மோட்டார், பிறகு ஜன்னல் கொக்கி, பிறகு குளியலறைக் குழாய். கெட்டுப்போனதெல்லாம் தீர்ந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினாராம், அது இப்போது கடகடவென்று சத்தம் போடுகிறதாம். மாமா சம்சாரம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இங்கே மிக்சியைப் போடுவதற்கு முன்னால்கூடக் கை, கை என்று குரல் கொடுக்கிறார், சமையலறையில் அவரைத் தவிர ஆள் கிடையாது. சாப்பாடு பாதியாகிவிட்டது, சட்டை யாரோ கொடுத்தது மாதிரித் தொங்குகிறது. எனக்கு இருக்கிறது ஒரே பயம், இந்த மனுஷர் இப்படியே தேய்ந்து போய்விடுவாரோ என்று.

ஆலயத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார். திருவிருந்தில் அப்பத் தட்டு கைமாறி வரும்போது எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார். நம் சபையில் எல்லோர் கைக்கும் அப்பம் வந்து சேர்ந்த பிறகுதானே ஒன்றாகச் சாப்பிடுவோம், அதுவரை அவர் மட்டும் வெறுங்கையை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். போதகர் வீட்டுக்கு வந்து பேசினார். கிருபை என்றால் நாம் சம்பாதிக்காதது, கொடுக்கிறவர் மனசால் கிடைப்பது, கையை நீட்டினால் போதும் என்று நன்றாகத்தான் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா, சரிங்கய்யா, இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க என்றார். போதகரும் கொஞ்சம் யோசித்து, மதில் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கோம் என்றார். கொடுத்த காபியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று வந்தது எனக்கு. சுவர் இப்போது பளிச்சென்று இருக்கிறது, அப்பா முகம்தான் அப்படியே இருக்கிறது.

நேற்று மாமாவுக்கே பொறுமை போய்விட்டது. அப்பாவை வாசலிலேயே நிறுத்தி, நீ வர்றப்பல்லாம் என் கையைத்தான் பாக்குற, மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்குற, நான் குடுத்தாச்சு, நீதான் வாங்கிக்க மாட்டேங்குற, இனிமே பெட்டியைத் தூக்கிக்கிட்டு வராதே என்று சொல்லிவிட்டாராம். அப்பா திரும்பி வந்து பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். இருந்த ஒரு போக்கிடமும் போய்விட்டதே, இனி என்ன பண்ணிக்கொள்வாரோ என்று ராத்திரி எழுந்து எழுந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அப்பம் வெட்டுகிற முறை என்னுடையது. போன மாதம் நிறைய மீந்து வீணாகிவிட்டது, ஆளைப் பார்த்து வெட்டுங்க என்று போதகரம்மா சொல்லியிருந்தார்கள். நானும் பெஞ்சு பெஞ்சாக யார் யார் என்று மனசில் ஓட்டிப் பார்த்து வெட்டினேன். அப்பாவை விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லையடி, அவர்தான் எடுக்கமாட்டாரே என்று கத்தி தானாகத் தாண்டிப் போய்விட்டது. ஆராதனை தொடங்கும்போது பைண்டர் மாமா தன் இடத்தை விட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தட்டு அங்கே போகும்போது நான் வெட்கத்தை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். மாமா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தட்டை நீட்டினார், அப்பா கை மெதுவாக எழுந்தது. தட்டில் ஒன்றும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கை நீளாதா என்று ஜெபித்தவளும் நான், நீளும்போது வெறும் தட்டை அனுப்பியவளும் நான். கர்த்தரே உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும், கையை இழுத்துக்கொள்ளப் போனார். அதற்குள் மாமா மீதி இருக்கிற விரல்களால் தன் துண்டைப் பிய்த்தார். நகத்தளவு துண்டு, சரியாகப் பிடிபடாமல் பாதி தூளாகக் கொட்டியது. இருந்ததில் பாதியை அப்பா உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையாலேயே மூடினார். அப்பா தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தார். சபை முழுக்கக் காத்திருந்தது, போதகரும் காத்திருந்தார், பிறகு எல்லோரும் சாப்பிட்டோம், அப்பாவும் சாப்பிட்டார். வெளியே வந்ததும் மாமா என்னிடம், அடுத்த தடவை வராதவங்களுக்கும் சேர்த்து வெட்டும்மா தங்கச்சி என்று சொல்லிச் சிரித்தார். சந்தோஷத்தையும் அவமானத்தையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு வீடு வந்தேன்.

அத்தோடு என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நாளைக்கு மாமா வீட்டுக்குப் போறேன் என்கிறார் அப்பா. எதுக்கு என்று கேட்பதற்குள் கண்ணை மூடிவிட்டார். இதோ நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், பெட்டி கதவோரமே இருக்கிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். நாளைக்கு அதைத் தூக்கினாரென்றால் மறுபடியும் முதலிலிருந்துதான். நீயும் அவர் வார்ப்புதானே, அதுதான் எனக்கு இரட்டைக் கவலை. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, ஈரத் தலையோடு படுக்காதே, புத்தகத்தைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொள்ளாதே. கர்த்தர் உன்னைத் தம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக, போக்கிலும் வரத்திலும் உனக்குத் துணையாக இருப்பாராக.

காலையில் தபாலில் சேர்க்கலாம் என்று ராத்திரி கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாயிற்று. அப்பா இப்போதுதான் கிளம்பிப் போனார். சும்மா பேசிட்டு வரேன் என்றார். ஜன்னலில் நின்று பார்த்தேன், கையை வீசிக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டார். பெட்டி இங்கேயே இருக்கிறது. லீவுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே, பாஸோ பெயிலோ, நீயும் அப்படியே வா.

கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கும்,
உன் அம்மா