முதல் அட்டையில் மாமா

சென்னிமலை முருகன் துணை

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
15-11-98

அன்புள்ள சேனாபதி அண்ணாவுக்குத் தங்கை நாகமணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே உங்கள் மாப்பிள்ளைக்கு ஜலதோஷம், எனக்கு இடுப்புப் பிடிப்பு, வான்மதி மட்டும் ஜோராக இருக்கிறாள். அண்ணி கொடுத்துவிட்ட பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. பாதி டப்பாவை வான்மதியே காலி பண்ணிவிட்டாள். எழிலரசி ப்ளஸ் ஒன்னில் நன்றாகப் படிக்கிறாளா? மண்டியில் மஞ்சள் விலை ஏறியதா?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். போனில் ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடமே "செரி நாகு, பில்லு ஏறுது, வெச்சரட்டுமா" என்பீர்கள். கடிதமென்றால் உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும்?

வான்மதியின் ஸ்பெஷல் வகுப்பில் ஜோஷ் என்று ஒரு பையன் இருக்கிறான். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம், அவனுக்கு ஆட்டிசம். அவன் வாயைத் திறப்பதில்லை, இவள் வாயை மூடுவதில்லை. அதனாலோ என்னவோ இரண்டு பேருக்கும் அவ்வளவு ஒத்துப்போகிறது. அவர்கள் யூதர்கள். அவர்களில் பையனுக்குப் பதின்மூன்று வயதானால் கோயிலில் எல்லோர் முன்னாலும் நின்று, வேதம் வாசிக்கும்போது அதற்குரிய வாழ்த்தைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அவன் பெரியவன். பார் மிட்ஸ்வா என்பார்கள். பேசாத பிள்ளை என்னத்தைச் சொல்வான் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன்.

அவனிடம் ஒரு பேசும் பெட்டி உண்டு. நான்கு பெரிய பட்டன்கள். அமுக்கினால் பதிந்து வைத்த குரல் பேசும். பள்ளியில் தண்ணீர் கேட்பதுகூட அதில்தான். அவர்களுடைய குருவை ரபி என்கிறார்கள். இங்கே ரபி ஒரு பெண்மணி. அவர் அந்த வாழ்த்தை ஜோஷின் அப்பா குரலில் பெட்டியில் பதியச் சொன்னார். பிள்ளையோ பெட்டியைத் தொடவே மாட்டேன் என்று அடம். வான்மதி பக்கத்தில் உட்கார்ந்து மேசையை இரண்டு தட்டுத் தட்டினால்தான் வகுப்பில் பட்டனை அமுக்குவானாம். அவன் அம்மா மிரியம் என்னிடம் வந்து, கேட்பதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஆறு மாதம், புதன்கிழமை தோறும், இரண்டு வாண்டுகளையும் பின் சீட்டில் போட்டுக்கொண்டு அவர்கள் கோயிலுக்கு டிரைவ் பண்ணினேன். பின் பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரில் வரும் கடைத் தள்ளுபடிக் கூப்பன் வெட்டுவேன். ஒரு மாதத்தில் கூப்பனை மறந்துவிட்டேன்.

ரபி போட்டோ அட்டைகள் செய்திருந்தார். கோயில் வாசல் ஒரு அட்டை, அவன் நாற்காலி ஒன்று, மேடை ஒன்று, வேதச் சுருள் ஒன்று. ஒவ்வொரு வாரமும் அட்டையைக் காட்டிவிட்டு அந்த இடத்துக்கு நடத்திப் போவார். சடங்குக்குப் போடும் சால்வை கழுத்தில் பட்டால் ஜோஷ் கத்துவான். மிரியம் அவனுடைய பழைய போர்வையை வெட்டி, முனைகளில் முறைப்படி குஞ்சம் கட்டி, அதையே சால்வையாக்கிவிட்டாள்.

அப்புறம்தான் பெரிய சிக்கல் வந்தது. இந்தச் சடங்கைச் சனிக்கிழமையில்தான் வைப்பார்களாம். சனிக்கிழமை அவர்கள் கோயிலில் மின்சாரச் சாமானைத் தொடக்கூடாது. பெட்டி பேட்டரியில் ஓடுவது. மிரியம் என் காரிலேயே உட்கார்ந்து அழுதாள். ரபி அசரவில்லை. வியாழக்கிழமை காலையிலும் வேதம் வாசிக்கிறோம், வியாழக்கிழமை வைத்துக்கொள்வோம் என்றார். ஃபுளோரிடாவிலிருந்து வரவேண்டிய மிரியத்தின் அண்ணன், வேலை நாளில் யார் வருவார்கள் என்று போனில் சத்தம் போட்டாராம். ஆமாம் அண்ணா, தாய்மாமன்தான்.

போன வியாழக்கிழமை நடந்தது. நான் வெறுங்கையோடு போவேனா? நம் ஊர் வழக்கப்படி தட்டில் பழமும் தேங்காயும் வைத்து எடுத்துப் போனேன். தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றவர் கோட்டு மாட்டும் இடத்தில் பத்திரமாக வைத்தார்.

அந்தத் தாய்மாமன் வந்திருந்தார். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் பிள்ளையின் முழங்கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனது அவர்தான். ஜோஷ் பெட்டிக்கு முன் நின்றான். அமுக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது வரிசையில் இருந்த நம் வான்மதி முன் பெஞ்சை டொக் டொக் என்று தட்டினாள். அவன் அமுக்கினான். எல்லோரும் அதற்குரிய பதிலைச் சொன்னார்கள். அந்தச் சத்தம் பிடித்துப்போய் மறுபடியும் அதே பட்டனை அமுக்கினான். ஏழு தடவை! ஏழு தடவையும் முழுக் கோயிலும் பதில் சொன்னது. ஐந்தாவது தடவையிலிருந்து அந்தத் தாய்மாமன் குரல்தான் மற்ற எல்லோருக்கும் மேலே கேட்டது. சடங்கு முடிந்ததும் பிள்ளை மேல் மிட்டாய் எறிந்தார்கள். வான்மதி மடி நிறையப் பொறுக்கினாள். எனக்கு அழுகை நிற்கவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டாள்: "மம்மி, மை டர்ன் எப்ப?"

வீட்டுக்கு வந்ததும் எழிலரசி பெரியவளானபோது செய்த சீரின் வீடியோ கேசட்டைப் போட்டாள். நீங்கள் அனுப்பியதை இங்கே இந்தியன் கடையில் கொடுத்து அமெரிக்க டிவிக்கு மாற்றி வைத்திருக்கிறோமே, அதுதான். வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கிறாள். எதற்கு என்று உங்களுக்குச் சொன்னதில்லை. அதில் தன்னைத் தேடுகிறாள் அண்ணா. பச்சைப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, மண்டபத்துக்கு வந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. "நான் எங்க?" என்பாள். உனக்குக் காய்ச்சல், உள்ளே தூங்கினாய் என்று மூன்று வருடமாகச் சொல்லி வந்தேன்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாளைக்கு எழிலைப் பெண் கேட்கக்கூடிய சொந்தமெல்லாம் வந்திருந்தது. "கேமராக்காரன் சுத்தறான், பாப்பாவக் கொஞ்ச நேரம் உள்ரூம்ல வெச்சுக்க நாகு" என்று என் காதில் சொன்னீர்கள். சொன்னது நீங்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய் கதவைச் சாத்தியது நான். உங்கள் மேல் கோபமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என் மேல் அதைவிட அதிகம்.

இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியது. வான்மதி போன ஜனவரியிலேயே பெரியவளாகிவிட்டாள். தாய்மாமனுக்கு முதலில் சொல்ல வேண்டிய சேதி. பத்து மாதம் மறைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அவள் வாயையும் அடைத்தேன். எனக்குச் சீர் செய்து மணையில் உட்கார வைத்தபோது வெட்கத்தில் செத்தேன், இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று உங்கள் மாப்பிள்ளையிடம் வியாக்கியானம் பேசினேன். அது சாக்கு. நீங்கள் வராமல் இருந்துவிடுவீர்களோ என்ற பயம்தான் நிஜம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். காய்ச்சல் இல்லை கண்ணு, அம்மாதான் உன்னை ரூமில் வைத்தேன் என்றேன். "நான் பேட் கேர்ளா இருந்தேனா?" என்று கேட்டாள். இல்லை இல்லை என்று கட்டிக்கொண்டேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இந்தப் பதிலை அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி வருகிறோம். பள்ளி விடுமுறை பத்து நாள்தான். மார்கழியில் யாராவது சீர் செய்வார்களா என்று அண்ணி கேட்பார். சனிக்கிழமையை வியாழக்கிழமைக்கு மாற்றியவர்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அண்ணியிடம் நான் பேசிக்கொள்கிறேன். மண்டபம் வேண்டாம், பந்தி வேண்டாம், நகை வேண்டாம். உங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு நாற்காலி போதும். மாலை மட்டும் கனமாக வேண்டாம், ஈரம் கழுத்தில் பட்டால் பிய்த்துப் போடுவாள். மல்லிகைச் சரம் போதும். கேமராக்காரரை மட்டும் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

நானும் அட்டைகள் செய்துவிட்டேன். விமானம் ஒன்று, உங்கள் வாசல் ஒன்று, நாற்காலி ஒன்று, பூச்சரம் ஒன்று. தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் வரிசையாக அடுக்கிப் பழகுகிறாள். முதல் அட்டையில், எழிலுக்கு மாலை போடும்போது எடுத்த உங்கள் போட்டோவை ஒட்டியிருக்கிறேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நாற்காலி இல்லாவிட்டால் பாய் படம் வரைந்துகொள்வேன், மல்லிகை கிடைக்காவிட்டால் முல்லை வரைந்துகொள்வேன். முதல் அட்டைக்கு மாற்று என்னிடம் இல்லை அண்ணா.

அண்ணிக்கும் எழிலுக்கும் என் அன்பு. நீங்கள் நூறு வயது இருந்து, உங்கள் கையால் என் பெண்ணுக்குப் பூப்போட வேண்டும்.

உங்கள் தங்கை,
நாகமணி

கீழே கோணலாக இருப்பது வான்மதி தானே எழுதியது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை:

மாமா வா